ரெக்கார்ட் ஆகாத போன்

உக்காருங்க சார், உக்காருங்க. இந்தச் சேருக்கு ஆளில்லை. பை என்னுதுதான், மடியில வெச்சுக்கறேன். டோக்கன் கூப்பிட நேரமாகுமுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க பாதிப்பேரு சாப்பிடப் போயிட்டாங்க. நீங்க எதுக்கு வந்தீங்க, சார்ஜருக்கா? அது உடனே குடுத்துருவாங்க. எனக்குத்தான் இழுக்கும். போனையே மாத்த வந்திருக்கறனுங்க.

இதுதான். பாத்தீங்களா, பாத்ததும் உங்க புருவம் மேல போகுது. எல்லாத்துக்கும் அப்படித்தான் போகுது. ஆப்பிள் போனுங்க. ஒரு கீறல் கிடையாது, டப்பாவோட வெச்சிருக்கறேன். இதைக் குடுத்துட்டு சாதாரண ஆண்ட்ராய்டு ஒண்ணு எடுத்துக்கறேன்னு சொன்னா, அந்தக் கவுண்டர்ல நிக்கற பொண்ணு என்னை ஏற இறங்கப் பாக்குது. "எல்லாரும் அதுல இருந்து இதுக்குத்தான் சார் வருவாங்க. நீங்க என்ன இதுல இருந்து அதுக்குப் போறேங்கறீங்க? வீட்ல கேட்டுட்டு வந்தீங்களா?"ங்குது. அறுபது தாண்டுனவன் போன் மாத்தறதுக்கு வீட்ல கேக்கணுமாம்! அந்தப் பொண்ணுகிட்ட விவரம் சொல்லிட்டிருக்க முடியுமா? உங்ககிட்டச் சொல்றேன். உங்களைப் பாத்தா நிதானமாக் கேக்கற ஆளாத் தெரியுது.

என் பேரு அர்த்தநாரிங்க. திருச்செங்கோடு. கோர்ட்ல பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஜட்ஜுக்குக் கீழ உக்காந்து கேஸ் கட்டு எடுத்துக் குடுக்கற வேலை. அத்தனை வருசம் அங்க உக்காந்தவனுக்கு ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியும் சார். மனுசன் வாயில சொன்னது கணக்குலயே வராது. போன வாய்தாவுக்கு "ஆமாங்க, நாந்தான் வேலியப் பிடுங்குனேன்"னு சொன்னவன், அடுத்த வாய்தாவுக்கு "எந்த வேலிங்க?"ம்பான். சாமி சத்தியமாச் சொல்லுவான். அழுதுட்டுச் சொல்லுவான். பக்கத்துல பொண்டாட்டியும் அழுவா. ஜட்ஜே ஒரு நிமிசம் ஆடிப்போயிருவாரு. அப்ப நான் கட்டுல இருந்து அந்தப் பேப்பரை உருவி நீட்டுவேன் பாருங்க, அவன் மூஞ்சி போற போக்கு இருக்குதே! அந்த ஒரு நிமிசத்துக்காகவே வேலைக்குப் போலாமுங்க.

வீடும் அப்படித்தான் சார். கோர்ட்டை விட மோசம். கோர்ட்லயாவது எழுதி வெப்பாங்க.

அதனால ரிட்டயர்டு ஆனதும் நான் மொதல்ல வாங்குனது ஒரு ஆண்ட்ராய்டு போன். அதுல ஒரு வசதி இருந்துச்சு. ஒரே ஒருக்கா அமுக்கி விட்டாப் போதும், வர்ற கால், போற கால் எல்லாம் தன்னால ரெக்கார்ட் ஆயிரும். பேரு, தேதி எல்லாம் போட்டு வரிசையா அடுக்கி வெச்சுக்கும், ஒரு நல்ல கிளார்க்கு வேலை பாக்கற மாதிரி. நான் யாரையும் ஏமாத்தலீங்க. வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்லிப்போட்டேன், "இனிமே எங்கூடப் பேசறதெல்லாம் பதிவாகும், யோசிச்சுப் பேசுங்க"ன்னு. நேர்மைன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா?

எத்தனை பிரயோசனம் தெரியுமா அதுல! எங்க வீட்டுக்காரி, பூங்கோதைன்னு பேரு, ஒரு நா பக்கத்து வீட்டுக்காரங்க முன்னால என்னைப் பேசிப்போட்டா. "சந்தையில சொரக்கா வாங்கச் சொன்னா பூசணிக்காயத் தூக்கிட்டு வந்து நிக்கறீங்களே"ன்னு. நான் ஒண்ணும் எதுத்துப் பேசலீங்க. போனை எடுத்தேன், போட்டேன். "பூசணி ஒரு கீத்து"ன்னு அவ குரல்லயே வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிச்சாங்க. கேஸ் முடிஞ்சுது. அதுக்கப்பறம் பாருங்க, என்ன வாங்கறதுன்னு அவ போன்ல சொல்றதையே விட்டுட்டா. "என்னம்மா வேணும்?"பேன். "ம்"ம்பா. "கெளம்பட்டுமா?" "ம்." கூச்ச சுபாவமுங்க அவளுக்கு. போன்னா வாயே தொறக்க மாட்டா.

எம் பொண்ணு ரேணுகா, ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்குது, அதுவும் அவங்கம்மா மாதிரியே. "நல்லாயிருக்கறம்ப்பா, வெக்கட்டுமாப்பா?" அவ்வளவுதான். மாப்பிள்ளை நவநீதன் அதுக்கும் மேல. வானொலியில செய்தி வாசிக்கற மாதிரி பேசுவாரு. சுருக்கமாப் பேசற குடும்பம்னு வெளியில நான் பெருமையாத்தான் சொல்லிக்குவேன்.

என் தம்பி வையாபுரி மட்டுந்தான் வளவளன்னு பேசுவான். சங்ககிரியில லாரிக்கு பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கறான். என்னைவிட நெம்பச் சின்னவன், நாந்தான் தூக்கி வளத்தேன். தினமும் பட்டறையச் சாத்துனதும் கூப்பிடுவான். "சாப்ட்டியாண்ணா?"ன்னுதான் ஆரம்பிப்பான். அவங்கிட்டயும் சொல்லியாச்சு, ரெக்கார்ட் ஆகும்டான்னு. "ஆகட்டும்ண்ணா, பொழுது போகாதப்ப போட்டுக் கேளு"ன்னு சிரிப்பான். வெகுளி. அந்த வெகுளித்தனந்தான் அவனுக்கு எமனாப் போச்சு.

அவன் பொண்ணு தாரணிக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்துல ரெண்டு பக்கத்து ஜனமும் உக்காந்திருக்குது. மாப்பிள்ளையோட அப்பா கேக்கறாரு, "கல்யாணத்தை ஆவணியிலயே வெச்சுக்கலாம்னு மொதல்ல சொன்னது நீங்கதானே?"ன்னு. வையாபுரி, "இல்லீங்களே, தையிலன்னுதான் சொன்னேன், எங்கண்ணங்கிட்டக் கூட அப்படித்தான் சொன்னேன்"னான். எங்கிட்ட ஆவணின்னுதான் சார் சொன்னான். "ஆவணின்னுதான்டா சொன்னே"ன்னேன். "இல்லண்ணா, தை"ங்கறான். அத்தனை பேரு முன்னால என்னைப் பொய்யனாக்கறான். பூங்கோதை என் சட்டையப் பிடிச்சு இழுக்கறா. ரேணுகா, "வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா"ங்குது. என்ன வேண்டாம்? உண்மை வேண்டாமா?

போட்டேன். எல்லாத்துக்கும் கேக்கட்டும்னு மைக்குக்குப் பக்கத்துல வெச்சுப் போட்டேன். "ஆவணியில முடிச்சுரலாம்ண்ணா"ன்னு கணீர்னு வந்துச்சு. நான் நிமுந்து சபைய ஒரு பார்வை பாத்தேன். அங்கயே நிறுத்தியிருப்பேன், ஆனா கண்ணாடி போடல நானு. நிறுத்தற பொத்தான் கைக்குச் சிக்கல. அது பாட்டுக்கு ஓடுது. "பையன் தங்கம்ண்ணா. அவங்கப்பனுக்குத்தான் வாயிருக்கற அளவுக்கு மனசில்லை. காப்பிக்குச் சர்க்கரை போடறதுக்கே பஞ்சாங்கம் பாப்பாரு போல. பொண்ணுக்காகப் பல்லைக் கடிச்சுட்டுப் போறேன்." மைக்குல சார். கடைசி வரிசையில கொழந்தைக்குச் சோறூட்டிட்டு இருந்த பொம்பளை வரைக்கும் கேட்டுது.

அவங்க தாம்பாளத்தை எடுத்துட்டு எந்திரிச்சுட்டாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. அந்த வார்த்தையச் சொன்னது நானா? அவன் சொன்னது. அவன் குரல். நான் போட்டது ஆவணிங்கறதுக்காக. என் பக்கம் நிரூபணம் ஆச்சா, இல்லையா? ஆச்சு. ஒருத்தராவது "அர்த்தநாரி சொன்னது சரிதான், ஆவணிதான்"னு சொன்னாங்களா? சொல்லலீங்க. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெசனம்.

தாரணி மேடையில உக்காந்தபடியே என்னைப் பாத்துச்சு. அழுகலீங்க. தலையில இருந்த பூவை எடுத்து மடியில வெச்சுது. "பெரியப்பா"ன்னு ஒரு வார்த்தை. என்ன சொல்ல வந்துச்சுன்னு தெரியாது, நேர்ல பேசுனது பாருங்க, பதிவு கிடையாது.

வையாபுரி அன்னியோட எங்கிட்டப் பேச்சை நிறுத்திப்போட்டான். ரெண்டு வருசம். நானும் போன்ல அவன் பேரை "பிரதிவாதி"ன்னு மாத்திப் போட்டுக்கிட்டேன். மத்தியானத்துல அவனோட பழைய கால்களை எடுத்துக் கேப்பேன். சும்மா இல்லீங்க, இன்னும் ஏதாவது பாயிண்ட் சிக்குதான்னு பாக்கத்தான். "சாப்ட்டியாண்ணா?" "சாப்ட்டேன்டா." "என்ன கொழம்பு?" "கொள்ளு." "எங்கூட்லயும் கொள்ளுதாண்ணா!"ன்னு சிரிக்கறான். அந்தக் காலைத்தான் அடிக்கடி போடுவேன். அதுல ஒரு பாயிண்ட்டும் இல்லீங்க. ஆனாலும் நல்லாத் தேடணுமில்ல. பூங்கோதை சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போயிருவா.

அப்படி இருக்கைலதான் இந்த ஆப்பிள் வந்துச்சு. என் பொறந்த நாளுக்கு. அது எந்த நாளுன்னே அதுவரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியாது சார். சர்வீஸ்ல குடுத்த தேதி வேற, அசல் தேதி வேற. திடீர்னு பொண்ணும் மாப்பிள்ளையும் ஓசூர்ல இருந்து வந்துட்டாங்க. அது போக வையாபுரி பொண்டாட்டி கலாமணி, ரெண்டு வருசமா எங்க வாசப்படிய மிதிக்காதவ, அவளும் முறுக்கு டப்பாவோட வந்து நிக்கறா! ஒரு போனைப் பிரிக்கறதுக்கு இத்தனை பேரு சுத்தி உக்காந்து பாத்தாங்கன்னா, எம் மேல எத்தனை மரியாதை இருந்திருக்கணும் பாருங்க.

மாப்பிள்ளை பழைய போனையும் புதுப் போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. "எல்லாம் தன்னால இதுக்கு வந்துரும் மாமா"ன்னாரு. வந்துச்சுங்க. போட்டோ வந்துச்சு, நம்பரெல்லாம் வந்துச்சு, வாட்சப் வந்துச்சு.

"ரெக்கார்டிங்?"னேன்.

"அது வராது மாமா. அது வேற மாதிரி, இது வேற மாதிரி."

"சரி, பழசு போகட்டும். இனிமேப்பட்டு வர்ற காலு?"

பூங்கோதை மாப்பிள்ளையப் பாக்கறா, மாப்பிள்ளை ரேணுகாவப் பாக்கறாரு. ரேணுகாதான் சொல்லுச்சு. "இதுல ரெக்கார்ட் ஆகாதுப்பா. இது நெம்ப ஒசந்த போனு. பெரிய பெரிய ஆளுங்க வெச்சிருக்கறது. அவங்களுக்கெல்லாம் ரகசியம் முக்கியமில்ல? அதுக்காக அப்படிப் பண்ணி வெச்சிருக்கறாங்க."

எனக்கு அது ஞாயமாப் பட்டுச்சுங்க. ஜட்ஜெல்லாம் வெச்சிருக்கற போனாச்சே. "அப்ப அந்தப் பழசும் ஒரு ஓரமா இருக்கட்டும்"னேன். "அதை எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியாச்சு மாமா, வாங்கிட்டுப் போக ஆளு வந்துட்டே இருக்கறாங்க"ன்னாரு மாப்பிள்ளை. கலாமணி குறுக்க வந்து, "ஆமாங்க மாமா, குடுத்துருங்க, பழசு எதுக்கு"ங்கறா. அவளுக்கு என்ன அக்கறை பாருங்க! உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுத் தொடச்சுக் குடுத்துட்டாங்க. அந்தக் கொள்ளுக் கொழம்புக் காலு உள்பட. ஆளு வந்து வாங்கிட்டுப் போகைல பூங்கோதை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தா.

பழகறதுக்குச் சிரமமாத்தான் இருந்துச்சு. பழசுல, வந்த வழியே திரும்பிப் போறதுக்குக் கீழ ஒரு பொத்தான் இருக்கும். இதுல கிடையாது. ஒண்ணுக்குள்ள போயிட்டா எப்படி வெளிய வர்றதுன்னு தெரியாம விரலு கீழ போய்த் தடவிட்டே இருக்கும். மூஞ்சியக் காட்டுனாத்தான் தெறக்கும். "சவரம் பண்ணாம நீங்க நின்னா எனக்கே அடையாளம் தெரியறதில்ல, அதுக்குத் தெரிஞ்சு போகுதே"ன்னு பூங்கோதை சிரிச்சா. அவ சிரிச்சு நெம்ப நாளாச்சுங்க. நம்பரெல்லாம் பழசுல இருந்து இதுக்கு வந்ததுல சில பேரு ரெண்டு ரெண்டா வந்துட்டாங்க. வையாபுரியும் ரெண்டு. சிம்ல இருந்தது "தம்பி", போன்ல இருந்தது "பிரதிவாதி". மாப்பிள்ளை பாத்துட்டு, "ரெண்டும் ஒரே ஆள்தானே மாமா, சேத்துரட்டுமா?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டே சேத்துட்டாரு. "தம்பி"ன்னு நின்னு போச்சு. மறுக்கா மாத்திக்கலாம்னு பாத்தேன், எங்க போய் மாத்தறதுன்னு புடிபடல.

ஆனா சார், குரல் தெளிவுன்னா அதுதான் தெளிவு. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. பூங்கோதை அவ அக்கா ஊட்டுக்கு அந்தியூர் போயிருந்தா. சாயங்காலம் கூப்பிட்டா. நான் வழக்கம் போல "ம்"முன்னு வரும்னு பாத்தா, பேசறா! அங்க மழை பேஞ்சது, முருங்கை மரம் சாஞ்சது, அக்கா வீட்டுக்காரரு குறட்டை, எல்லாம் பேசறா. நின்னுட்டுக் கேட்டவன் கால் வலிச்சு உக்காந்தேன், உக்காந்தவன் படுத்துட்டேன், இன்னும் பேசறா. கூச்சமெல்லாம் எங்க போச்சோ. ரேணுகா தினமும் கூப்பிட ஆரம்பிச்சுது. மாமியாரைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு, "அப்பா, மனசுல வெச்சுக்கோங்க"ன்னுச்சு. மாப்பிள்ளை ஆபீசுல அவரோட மேனேஜரை என்னென்னவோ சொல்றாரு, நானும் அவரும் சிரிக்கறோம். அதுக்குத்தான் பெரிய ஆளுங்க இதை வெச்சிருக்கறாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். கிளாரிட்டி. பேசறவனுக்கே பேசணும்னு ஆசை வந்துருது.

ஒரு கொறைதான். இத்தனையும் காத்துல போகுதே! எவ்வளவு விவரம் சொல்றாங்க, நாளைக்கு ஒருத்தர் இல்லைன்னு சாதிச்சா என்ன பண்றது?

அப்பறம் ஒரு நா மணி அடிக்குது. பாத்தா "தம்பி". பூங்கோதை பக்கத்துல கீரை ஆஞ்சுட்டு இருக்கறா. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"சாப்ட்டியாண்ணா?"

"சாப்ட்டேன்டா"ன்னேன். மணி அஞ்சு சார், எவன் சாப்பிடுவான் அந்நேரத்துல. அவனும் அதைக் கேக்கல. பட்டறையப் பத்திச் சொல்றான், முட்டி வலியப் பத்திச் சொல்றான். "தாரணிக்கு இன்னொரு எடம் கூடி வந்திருக்குதுண்ணா. பெருந்துறைப் பக்கம். நல்ல ஜனம். பெரியப்பா முன்னால நிக்காம எப்படின்னு அவளே கேக்கறா"ங்கறான். அதுக்கப்பறம் மூக்கை உறிஞ்சற மாதிரி கேட்டுச்சு. "தப்பு எம் மேலயுந்தாண்ணா. பேசாம இருந்திருக்கக் கூடாது. ரெண்டு வருசத்தை வீணாக்கிப்போட்டோம்"னான்.

கேட்டீங்களா சார்? தப்பு எம் மேல. அவன் வாயாலயே! கோர்ட்ல இதுக்குப் பேரு ஒப்புதல் வாக்குமூலம். வெச்சதும் பூங்கோதையத் திரும்பிப் பாத்து, "கேட்டியா? தப்பு எம் மேலதான்னு ஒத்துக்கிட்டான்"னேன்.

அவ கண்ணைத் தொடச்சுட்டு, "எம் மேலயும்னுதான் சொன்னாரு"ங்கறா.

"எம் மேலன்னான்."

"எம் மேலயும்னாருங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டு வருசம் கழிச்சு மனுசன் கூப்பிட்டிருக்கறாரு, நீங்க எழுத்தெண்ணிட்டு இருக்கறீங்களே"ன்னு கீரையோட எந்திரிச்சு உள்ள போயிட்டா.

எழுத்தா சார் அது? எம் மேலன்னா கேஸ் முடிஞ்சுது, நான் நிரபராதி. எம் மேலயும்னா? அதுல இன்னொருத்தனும் இருக்கறான்னு அர்த்தம். யாரு அந்த இன்னொருத்தன்? யோசிச்சுப் பாருங்க. தூக்கமே வரலீங்க எனக்கு. பழைய போனா இருந்தா ஒரு தட்டுத் தட்டுனாத் தெரிஞ்சு போயிருக்கும். யாரையும் குத்தம் சொல்லல. வெறுமனே தெரிஞ்சுக்கணும்.

எங்கூட நடைக்கு வர்ற நல்லதம்பிதான் சொன்னாரு, ரிட்டயர்டு வி.ஏ.ஓ. "உங்க போன்லயும் இப்ப ரெக்கார்ட் வந்திருச்சுங்க. புதுசா அப்டேட் பண்ணிட்டா, பேசைல மூலையில ஒரு குறி தெரியும், அதை அமுக்குங்க"ன்னாரு. பண்ணிப் பாத்தா, ஆமா, குறி நிக்குது! அன்னிக்கே வையாபுரியக் கூப்பிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோசம். பத்திரிகை அடிக்கக் குடுத்திருக்கறான், என் பேரைத்தான் மொதல்ல போட்டிருக்கறானாம். "அதெல்லாம் இருக்கட்டும்டா, அன்னிக்கு ஒண்ணு சொன்னியே, தப்பு யாரு மேலன்னு, அதை இன்னொருக்கா சொல்லு"ன்னுட்டுக் குறிய அமுக்கினேன்.

ஒரு பொம்பளை பேசறா சார்! நடுவுல வந்து, இங்கிலீஷ்ல, இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு. எனக்கு மட்டும் கேட்டாப் பரவால்ல. அவனுக்கும் கேக்குது. அவங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் அது செய்யுமாம்.

வையாபுரிகிட்ட இருந்து "அண்ணா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அப்பறம் வெச்சுட்டான். மறுக்கா கூப்பிட்டேன், எடுக்கல. இன்னிக்கு வரைக்கும் என் நம்பரை எடுக்கறதில்ல. வர்ற வாரம் கல்யாணம். ஊருக்கெல்லாம் பத்திரிகை வந்திருச்சு, எங்க வீட்டுக்கு வரல. தபால்ல எங்கயோ சிக்கியிருக்கும்.

அதுலயிருந்து பாருங்க, இந்தப் போனே ஒரு மாதிரி ஆயிருச்சு. பூங்கோதை கூப்பிட்டா "ம்"ங்கறா. ரேணுகா, "நல்லாயிருக்கறம்ப்பா, வெக்கட்டுமாப்பா"ங்குது. பழைய கிளாரிட்டி இல்ல. கவுண்டர்ல சோதிச்சுப் பாத்துட்டு, போன்ல ஒரு கோளாறும் இல்லைங்கறாங்க. அவங்களுக்கென்ன தெரியும்? அதான் முடிவு பண்ணிட்டேன். பழைய மாதிரி, கம்முன்னு தன் வேலையப் பாக்கற போனா ஒண்ணு வாங்கிக்கறதுன்னு. ரெக்கார்ட் பண்றதை ஊருக்குத் தண்டோராப் போட்டுட்டா பண்ணுவாங்க?

ஏனுங்க சார், ஒரு ஒத்தாசை. உங்க போனைச் சித்தக் குடுக்கறீங்களா? ஒரே ஒரு காலு. என் நம்பரைத்தான் எடுக்க மாட்டேங்கறான், உங்க நம்பர்னா பந்தல்காரனோ சமையல்காரனோன்னு எடுப்பான். பேசறது ரெக்கார்ட் ஆகுமில்ல உங்களுதுல? சத்தமில்லாம? ஆகுமா! நல்ல போனுங்க. போட்டு விடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம், நானே போடறேன். ரிங்கு போகுது.

ஹலோ. வையாபுரி, நாந்தான்டா. அண்ணன். வெச்சுராத, வெச்சுராத! இது வேற ஒருத்தரோட போனு. ஈரோட்ல ஒரு கடையில உக்காந்திருக்கறேன். என்னுதா? அது இந்தா, மடியில கெடக்குது. இல்லடா, ஒண்ணும் ஆகல. எந்தப் பொம்பளையாவது பேசுச்சா இப்ப? இல்லையில்ல.

ம். சொல்லு. ம். தாரணி கேட்டாளா? என்ன கேட்டா? ம். அழுதாளா. எதுக்குடா அழுகணும்? சரி. சரிடா. நாளைக்கேவா? பூங்கோதையும்தானே? சரி. இல்ல, நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. நீ நேர்ல வர வேண்டாம், உனக்கு முட்டி வலி. ம்... ம்... சாப்ட்டேன்டா. நீ?

வையாபுரி, வெக்காத. ஒரே ஒரு நிமிசம். அன்னிக்கு ஒண்ணு சொன்னே பாரு, தப்பு எம் மேலன்னு. எம் மேலன்னியா, எம் மேலயும்னியா? இல்லடா, சும்மா ஒரு விவரத்துக்குத்தான் கேக்கறேன். சொல்லிட்டு வெச்சுக்கோ. ஒரே வார்த்தைதான். ஹலோ? வையாபுரி? ஹலோ?

கட்டாயிருச்சுங்க. டவரு கிடைக்கல போல. பரவால்ல, அதுவரைக்கும் பதிவாயிருக்குமில்ல? ஒருக்கா போடுங்க, கேப்போம்.

ஆங், வருது. அவன் குரல்தான், நல்லா வருது. "முன்னாடியே வந்துருண்ணா, நீ வந்து நின்னாத்தான் எனக்கு கல்யாண வீடாட்டவே இருக்கும்." ஆமாங்க, சொன்னான், கேட்டேன். அதுல ஒண்ணுமில்லீங்க, அது சும்மா வீட்டுப் பேச்சு. அதைத் தள்ளிட்டுக் கடைசிக்குப் போங்க சார். நான் கேள்வி கேட்டதுக்கப்பறம் அவன் ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு.